பெரிய பேஸ் கலைஞர் யார் என்று வாதிடும் முன்

இசைக்குழுவில் மிகத் தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் தந்திக் கருவி பேஸ். அதை வாசித்தவர்களில் யார் பெரியவர் என்று கேட்டால், ஜாக்கோ பாஸ்டோரியஸின் விரல்களுக்கு ஈடாக யாருமே பிறக்கவில்லை என்பார் ஒருவர். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியை விட்டுவிட்டு ராக் இசையில் பேஸைப் பற்றி என்ன பேச்சு என்பார் இன்னொருவர். ஜாஸ் கேட்பவர் குறுக்கே புகுந்து, ரான் கார்ட்டரைக் கேட்டிராதவர்கள் இந்தப் பேச்சில் கலந்துகொள்ளவே கூடாது என்று கதவைச் சாத்திவிடுவார். பல பத்தாண்டுகளாக நடந்துவரும் இந்த வழக்கில் தீர்ப்பு வராததற்கு வாதிடுபவர்களின் ரசனையைக் குறைசொல்ல முடியாது. பேஸ் வாசிப்பவரின் வேலை இன்னது என்று பேசி முடிவுசெய்யாமலே, அந்த வேலையை யார் மிக நன்றாகச் செய்தார் என்ற கேள்விக்குத் தாவிவிடுகிறார்கள். பயிற்சியில்லாத காதுக்கும் சட்டென்று பிடிபடுவது வேகம் ஒன்றுதான் என்பதால், கடைசியில் வேகமாக வாசித்தவருக்கே மதிப்பெண் கூடுகிறது. ஆகவே இந்தக் கட்டுரை வேலையிலிருந்து தொடங்குகிறது. பெயர்கள் பிறகு வரும்.

சுவரைத் தாண்டி வரும் ஒலி

அடுத்த தெருக் கல்யாண வீட்டில் பாட்டுப் போட்டால், நம் வீட்டுக்குள் பாடகியின் குரல் தெளிவாக வந்து சேராது. ‘தும், தும்’ என்ற அடியொலி மட்டும் சுவரைத் தாண்டி வந்து சன்னல் கண்ணாடியை அதிரவைக்கும். அந்த அடியொலியில் ஒரு பங்கு டிரம்முக்கு, மறுபங்கு பேஸுக்கு. ஒலியின் உயரத்தை ஹெர்ட்ஸ் என்ற அளவால் குறிப்பார்கள். ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு என்பதே அந்த எண்ணிக்கை. சாதாரணக் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறக்குறைய 82 முறை அதிர்கிறது. நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் தாழ்ந்த தந்தி அதில் பாதி, அதாவது 41 முறை. நம் வழக்கில் சொன்னால் ஒரு ஸ்தாயி கீழே. காற்றில் அந்த ஒலியலையின் நீளம் 8 மீட்டருக்கும் மேல். இத்தனை நீண்ட அலையைச் சுவரும் கதவும் எளிதில் தடுத்துவிடுவதில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியால் 41 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அதன் குரல் மங்கிவிடும். ஆனாலும் கைப்பேசியில் பாட்டுக் கேட்கும்போது பேஸ் முழுவதுமாகக் காணாமற்போவதில்லை. ஒரு தந்தி 41 முறை அதிரும்போது, கூடவே 82, 123, 164 என்று அதன் மடங்குகளும் மெலிதாக ஒலிக்கின்றன. மேலே உள்ள மடங்குகள் மட்டும் காதுக்குக் கிடைத்தால், அவற்றின் ஒழுங்கைக் கொண்டு, இல்லாத அடிச்சுரத்தை மூளையே நிரப்பிக்கொள்கிறது. வாதங்களில் பாதி இப்படி அரைகுறையாகக் கேட்ட ஒலியை வைத்தே நடக்கிறது என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு. உயரமான சுரங்களில் வேகமாக ஓடும் வாசிப்பு கைப்பேசியிலும் பளிச்சென்று கேட்கும். கீழே நின்று பாட்டைத் தாங்கும் வாசிப்பு அதில் தேய்ந்துவிடும்.

கீழே நிற்கும் சுரம் பெயர் வைக்கிறது

பேஸ் என்றால் தாளத்துக்குத் துணை என்றே பலரும் எண்ணுகிறார்கள். அதைவிட முக்கியமான, கேட்பவர் கவனிக்கத் தவறுகிற வேலை ஒன்று அதற்கு இருக்கிறது.

ஒரே மனிதர் மகளுக்கு அப்பா, தங்கை மகனுக்கு மாமா, அண்ணன் மகளுக்குச் சித்தப்பா. ஆள் மாறவில்லை, யாரிடமிருந்து கணக்குத் தொடங்குகிறோம் என்பது மாறுகிறது, உறவின் பெயரும் மாறிவிடுகிறது. மேற்கத்திய இசையில் அந்தக் கணக்கின் தொடக்கப் புள்ளியாக நிற்பது பெரும்பாலும் பேஸ். அங்கே பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பதைக் கார்டு என்கிறார்கள். ஸட்ஜமம் (ச), அந்தர காந்தாரம் (க), பஞ்சமம் (ப) என்ற மூன்றையும் ஒரு கிட்டார் சேர்த்து வாசிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேஸும் கீழே ஸட்ஜமத்தைப் பிடித்தால், அது நிறைவான, மலர்ச்சியான மேஜர் கார்டு. கிட்டார்க்காரர் விரலை அசைக்காமல் அப்படியே இருக்க, பேஸ் மட்டும் இறங்கிச் சதுஸ்ருதி தைவதத்தில் (த) நின்றால், அதே மூன்று சுரங்கள் சற்றே சோகம் படிந்த மைனர் கார்டின் உறுப்புகளாகிவிடுகின்றன. மாற்றியது ஒரே ஓர் ஆள், அதுவும் ஒரே ஒரு சுரம்.

கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு இது கிரக பேதத்தை நினைவூட்டும். மோகனத்தின் ரிஷபத்தை ஸட்ஜமாகக் கொண்டால் அதே ஐந்து சுரங்கள் மத்தியமாவதியாக ஒலிப்பதைப் பாடகர்கள் கச்சேரியில் காட்டுவதுண்டு. அங்கே அது எப்போதாவது நடக்கும் நுட்ப விளையாட்டு. தம்பூரா கச்சேரி முழுவதும் அசையாமல் நிற்பதால்தான் அது விளையாட்டாகவே இருக்க முடிகிறது. பேஸோ அசையும் தம்பூரா. நொடிக்கு நொடி ஆதாரத்தை நகர்த்தி, மேலே ஒலிப்பவற்றுக்குப் புதுப் பொருள் தந்துகொண்டே இருப்பது அதன் அன்றாடப் பிழைப்பு. (இளையராஜாவின் 80களின் பாடல்களோடு வளர்ந்தவர்களுக்கு இந்த அனுபவம் பெயர் தெரியாமலேயே பழக்கமானது, மெட்டுக்குக் கீழே தனிப் பாட்டாக ஓடும் பேஸை அவர்கள் கேட்டுக்கேட்டு வளர்ந்திருக்கிறார்கள்.)

எங்கே தொடங்குகிறது, எங்கே நிற்கிறது

இரண்டாவது வேலை காலம் சார்ந்தது. டிரம் துடிப்பைச் சொல்கிறது. கிட்டாரும் பியானோவும் கார்டைச் சொல்கின்றன. இரண்டையும் ஒரே விரல் அசைவில் சொல்லும் கருவி பேஸ். டிரம் கலைஞர் காலால் அடிக்கும் பெரிய டிரம்மின் ஓசையும் பேஸ் சுரமும் ஒன்றாக விழும்போது, கேட்பவருக்கு அவை இரண்டு கருவிகளாகவே தோன்றாமல், சுருதியுள்ள ஒரே அடியாகக் கேட்கும். துடிப்பின் நடுவில் சரியாக விழலாம். மயிரிழை முந்தி விழுந்து பாட்டை முன்னால் இழுக்கலாம். மயிரிழை பிந்தி விழுந்து சாய்ந்து உட்காரச் செய்யலாம். கேட்பவரின் கால் தானாகத் தாளம் போடும்படி இந்தச் சிறு வேறுபாடுகள் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருவதற்குக் குரூவ் என்று பெயர்.

சுரம் எங்கே தொடங்குகிறது என்பதைக் கவனிப்பவர்கள்கூட, அது எங்கே நிற்கிறது என்பதைக் கவனிப்பதில்லை. ஒரு சுரத்தை அடுத்த சுரம் வரும்வரை நீட்டினால் பாட்டு வழுக்கிக்கொண்டு போகும். அதே சுரத்தைப் பாதியில் விரலால் அமுக்கி நிறுத்தினால், அந்த இடைவெளியே ஓர் அடியாக வேலை செய்யும். நல்ல பேஸ் கலைஞரின் இடது கையைப் பக்கத்திலிருந்து பார்த்தால் இது விளங்கும்: தந்தியை அழுத்துவதற்கு எவ்வளவு கவனம் செலுத்துகிறாரோ, அவ்வளவு கவனத்தோடு அழுத்தத்தைத் தளர்த்தி ஒலியை அணைப்பார்.

இதுவரை பார்த்தது இவ்வளவே: மேலே ஒலிக்கும் சுரங்களுக்குப் பொருள் தருவது ஒன்று, துடிப்புக்கு உருவமும் இடைவெளியும் தருவது மற்றொன்று. விரல் வேகம் இவற்றுக்கு உதவலாம்; இவற்றுக்கு மாற்றாகாது.

ஒரே பெயரில் இரண்டு கருவிகள்

ஜாஸ் கலைஞரையும் ராக் கலைஞரையும் ஒரே பட்டியலில் நிறுத்துபவர்கள், இருவர் கையிலும் இருப்பது வேறு வேறு கருவி என்பதை மறந்துவிடுகிறார்கள். ஜாஸில் வெகுகாலம் ஆண்டது டபுள் பேஸ். ஆளைவிட உயரமாக நிற்கும், வயலின் குடும்பத்தைச் சேர்ந்த மரக்கருவி. தந்தியின் அதிரும் நீளம் சுமார் 42 அங்குலம். வயலினைப் போலவே அதன் கழுத்தில் சுர இடங்களைப் பிரித்துக் காட்டும் குறுக்குக் கட்டைகளான மெட்டுகள் கிடையாது. சுருதி முழுவதும் விரலும் காதும் சேர்ந்து கண்டுபிடிப்பது. சத்தமான குழுவில் அதன் ஒலி அமுங்கிப்போகும், ஊர் ஊராகத் தூக்கிச் செல்வதும் பெரும்பாடு.

1951இல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் விற்பனைக்குக் கொண்டுவந்த மின்சார பேஸ் கிட்டார் இந்தத் தொல்லைகளைத் தீர்த்தது. கிட்டாரைப் போல் தோளில் மாட்டிக்கொள்ளலாம். தந்தி நீளம் 34 அங்குலம். வீணைக்கு இருப்பதுபோல் மெட்டுகள் இருந்ததால் சுருதி பிசகாது. அந்தத் துல்லியத்தை வைத்தே அதற்குப் பிரிசிஷன் பேஸ் என்று பெயரிட்டார்கள். நான்கு தந்திகளின் சுருதி மட்டும் இரண்டு கருவிகளுக்கும் ஒன்றுதான்.

ஜாக்கோ பாஸ்டோரியஸின் புகழை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். அவர் தம்முடைய ஃபெண்டர் ஜாஸ் பேஸில் மெட்டுகள் இல்லாமல் வாசித்தார். வெறும் மரப்பரப்பைத் தந்திகள் அரித்துவிடாமலிருக்க, படகுகளுக்குப் பூசும் எப்பாக்ஸியைப் பூசிக்கொண்டார். மின்சாரக் கருவியின் உரத்த குரல், வயலின்போல் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் வசதி இரண்டும் ஒரே கையில் சேர்ந்தன. 1976இல் வெளிவந்த அவருடைய முதல் இசைத்தட்டிலும், அதே காலத்தில் வெதர் ரிப்போர்ட் குழுவில் சேர்ந்து வாசித்தவற்றிலும், பேஸ் பாடத் தொடங்கியது என்று சொன்னால் மிகையாகாது. 1987இல், 35 வயதில் அவர் இறந்தார். அவருடைய வேகத்தைப் பின்பற்றியவர்கள் ஏராளம்; அந்தப் பாடும் தொனி அவ்வளவு எளிதில் யாருக்கும் வசப்படவில்லை.

ஜாஸில்: நடந்துகொண்டே முடிவெடுப்பது

ஜாஸில் பேஸ் கலைஞரின் அடிப்படை வேலைக்கு வாக்கிங் பேஸ் என்று பெயர்: துடிப்புக்கு ஒரு சுரமாக, நிற்காமல் நடந்துகொண்டே இருப்பது. நான்கு துடிப்புகள் ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றின் முதல் துடிப்பிலும் அந்த இடத்துக்குரிய கார்டின் ஆதாரச் சுரத்தைத் தொட்டுவிட்டு, மீதி மூன்றில் அடுத்த ஆதாரத்துக்கு வழி தேட வேண்டும். ஸட்ஜமத்திலிருந்து சுத்த மத்திமத்துக்குப் போக வேண்டும் என்றால், ஸட்ஜமம், அந்தர காந்தாரம், பஞ்சமம், பிரதி மத்திமம் என்று நடந்து, அங்கிருந்து அரைச்சுரம் சறுக்கி அடுத்த சுற்றின் தலையில் சுத்த மத்திமத்தில் காலை வைக்கலாம். பிரதி மத்திமம் இரண்டு கார்டுகளுக்கும் அந்நியமான சுரம். வாசலுக்கு முன்னால் உள்ள படிபோல அது அடுத்த வீட்டுக்கு ஏற்றிவிடுகிறது, அவ்வளவே.

இந்தச் சுரங்களைப் பெரும்பாலும் யாரும் முன்கூட்டி எழுதித் தருவதில்லை. நிமிடத்துக்கு 200 துடிப்பு வேகத்தில் ஐந்து நிமிடம் ஓடும் ஒரு பாட்டில் பேஸ் கலைஞர் ஆயிரம் சுரங்களை அந்தந்தக் கணத்தில் தேர்ந்தெடுக்கிறார், அதுவும் தனக்கு மேலே சாக்சஃபோனும் பியானோவும் என்ன செய்யப்போகின்றன என்று தெரியாமலே. ரான் கார்ட்டர் இந்தத் தேர்வில் தலைசிறந்தவர். 1963 முதல் 1968 வரை டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவில், இளம் டிரம் கலைஞரான டோனி வில்லியம்ஸ் தாளத்தை எந்தப் பக்கம் கிழித்தாலும், இவர் கீழே ஒரே ஒரு சுரத்தை மாற்றி வைத்துக் குழு முழுவதையும் வேறு திசைக்குத் திருப்பிவிடுவார். 2015ஆம் ஆண்டுக் கணக்குப்படி 2,221 ஒலிப்பதிவுகளில் வாசித்தவர் என்று கின்னஸ் அவருக்குச் சாதனைச் சான்று கொடுத்தது.

அவருக்கு முன்பே வழி வெட்டியவர்கள் உண்டு. 1939இல் டியூக் எலிங்டனின் ஜாஸ் குழுவில் சேர்ந்த ஜிம்மி பிளாண்டன், டபுள் பேஸ் துணைக்கருவி மட்டுமல்ல, தனி வாசிப்புக்கும் உரியது என்று காட்டிவிட்டு, 1942இல் காசநோயால் 23 வயதில் இறந்தார். ஸ்காட் லஃபாரோ இன்னொரு திசையில் போனார். பியானோ கலைஞர் பில் எவான்ஸின் மூவர் குழுவில் பியானோவுக்குக் கீழே நடப்பதை விட்டு, அதனோடு எதிர்ப்பேச்சுப் பேசினார். 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் என்ற ஜாஸ் அரங்கில் அந்தப் பேச்சு பதிவாயிற்று. பதினொரு நாள் கழித்து, 25 வயதில், கார் விபத்தில் அவர் மறைந்தார். சார்லஸ் மிங்கஸோ பேஸுக்குப் பின்னால் நின்றபடி குழுவையே நடத்தியவர். இசையமைப்பாளராகவும் அவரை எடைபோட வேண்டும் என்பதால் இந்தப் பட்டியலில் அவர் பாதிதான் அடங்குவார்.

ஒன்றே ஒன்றைக் கேட்க நேரமிருக்கிறது என்பவர்களுக்கு, மைல்ஸ் டேவிஸின் 1959ஆம் ஆண்டுக் ‘கைண்ட் ஆஃப் புளூ’ இசைத்தட்டின் முதல் பாட்டைச் சொல்வேன். மெதுவான முன்னுரைக்குப் பிறகு பல்லவியை வாசிப்பது பால் சேம்பர்ஸின் டபுள் பேஸ். மற்றக் கருவிகள் இரண்டே கார்டுகளில் ‘ஆமாம்’ போடுகின்றன. சுர அமைப்பில் அது நம் கரஹரப்ரியா. பதினாறு சுற்று அப்படியே நின்றுவிட்டு, எட்டுச் சுற்றுக்கு ஆதாரம் அரைச்சுரம் மேலேறி, மீண்டும் எட்டுச் சுற்றுக்குப் பழைய இடத்துக்கே இறங்குகிறது. அசையும் தம்பூரா என்று முன்னே சொன்னதை இதைவிடத் தெளிவாகக் காதால் கேட்க முடியாது.

ராக்கில்: கிடைத்த இடமும் நிரப்பிய விதமும்

ராக் பாடல்களில் பேஸ் வாசிப்பு பெரும்பாலும் முன்கூட்டியே அமைத்த ஒரு வரி. பாட்டு முழுவதும் அது திரும்பி வரும். எனவே கணத்துக்குக் கணம் தேர்ந்தெடுப்பதைவிட, ஒருமுறை தேர்ந்தெடுத்ததை மறக்க முடியாததாகச் செய்வதே இங்கே திறமை. குழுவில் எத்தனை பேர் என்பதும் சேர்ந்துகொள்கிறது. தி ஹூவின் ஜான் என்ட்விசில், கிரீமின் ஜாக் புரூஸ், ரஷ்ஷின் கெடி லீ மூவருக்கும் ஒற்றுமை ஒன்று: அவர்கள் குழுவில் கிட்டார் ஒன்றே. கிட்டார் தனி வாசிப்புக்குப் போய்விட்டால் கார்டைச் சொல்ல ஆளில்லை. அந்த வெற்றிடத்தில் பேஸ் வளர்ந்தது. 1965இல் ‘மை ஜெனரேஷன்’ பாட்டில், கிட்டார் தனி வாசிப்பு வரவேண்டிய இடத்தில் என்ட்விசிலின் பேஸ் வந்து பேசியது அந்த வளர்ச்சிக்கு அடையாளம்.

மெக்கார்ட்னியின் வழி வேறு. ஹாம்பர்க்கில் 1961இல் வாங்கிய வயலின் வடிவ ஹோஃப்னர் பேஸோடு தொடங்கியவர், சில ஆண்டுகளில் ஆதாரச் சுரத்தையே எப்போதும் பிடிக்க வேண்டியதில்லை என்று கண்டுகொண்டார். பாட்டு இருக்க வேண்டிய வீட்டு வாசலில் நிற்காமல், பக்கத்துச் சுரத்தில் நின்று கார்டைச் சற்றுத் தொங்கவிடுவார். நான்கு துடிப்பு கழித்து வாசலுக்கு வரும்போது கேட்பவருக்கு ஒரு நிம்மதி பிறக்கும். இந்தச் சுதந்திரத்துக்குத் தாம் கடன்பட்டவர் என்று அவரே சொன்ன பெயர் ஜேம்ஸ் ஜேமர்சன்.

யார் காதில் விழுந்தார்

டெட்ராய்ட்டில் மோட்டவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் ஸ்டூடியோவில், 60களின் வெற்றிப் பாடல்களில் பெரும்பகுதிக்குப் பேஸ் வாசித்தவர் ஜேமர்சன். வலது கையில் அவர் பயன்படுத்தியது ஆள்காட்டி விரல் ஒன்றே. டபுள் பேஸில் பழகிய பழக்கம். மூன்று கிட்டார், பியானோ, தந்திக் கருவிகள் என்று நெருக்கியடித்த கூட்டத்துக்குள், யாரையும் முட்டாமல் ஓடும் வரிகளை அந்த ஒற்றை விரலால் எழுப்பினார். உலகம் ஆடியது, பெயர் மட்டும் இசைத்தட்டு உறைகளில் இல்லை. ஸ்டூடியோ கலைஞர்களின் பெயர்களை மோட்டவுன் 1971இல்தான் உறையில் அச்சிடத் தொடங்கியது. லாஸ் ஏஞ்சலிஸில் எண்ணற்ற பாடல்களுக்குப் பேஸ் வாசித்த கேரல் கேயின் கதையும் ஏறக்குறைய இதுவே. மேடையில் முகம் காட்டியவர்களுக்குக் கிடைத்த வாக்கு, ஸ்டூடியோவில் குனிந்து உட்கார்ந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஒலிப்பதிவாளரின் கையிலும் நிறைய இருக்கிறது. இசைத்தட்டில் தாழ்ந்த ஒலி பெரிய நெளிவாகப் பதியும். மிகுந்தால் ஊசி துள்ளிவிடும் என்று அந்தக் காலத்தில் பேஸை அடக்கியே வைத்தார்கள். 1966இல் பீட்டில்ஸின் ஒலிப்பதிவாளர்கள் ஓர் ஒலிபெருக்கியையே தலைகீழாக ஒலிவாங்கியாகப் பயன்படுத்தி மெக்கார்ட்னியின் பேஸை முன்னுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அவருடைய வரிகள் முழுதாகத் துலங்கின. எதிர்ப்பக்கத்தில், மெட்டாலிக்கா குழுவின் 1988ஆம் ஆண்டு இசைத்தட்டில் ஜேசன் நியூஸ்டெட்டின் பேஸைக் கலவையில் இறக்கிவிட்டதால், அவர் வாசித்தது ஏறக்குறைய கேட்கவே கேட்காது. அவர் வாசிக்கத் தெரியாதவர் அல்லர். நாம் கேட்க வழியில்லை.

ஆகவே கருவி, குழுவில் கிடைத்த இடம், பதிவில் வைத்த அளவு என்ற மூன்றையும் கழித்த பிறகே கலைஞரின் பங்கு என்று ஏதாவது மிஞ்சும்.

என் வாக்கு

ஒரே பெயர்தான் சொல்ல வேண்டும் என்று நெருக்கினால் ஜேமர்சன் என்பேன். பெயர் வைக்கும் வேலை, காலத்துக்கு உருவம் தரும் வேலை இரண்டையும் மூன்று நிமிடப் பாட்டுக்குள் இத்தனை அடர்த்தியாகச் செய்தவர் வேறொருவரை நான் கேட்டதில்லை. ஜாஸ் நண்பர்கள் ரான் கார்ட்டர் பக்கம் நின்று இதை மறுப்பார்கள். ஆயிரம் சுரங்களை அந்தந்தக் கணத்தில் தேர்ந்தெடுப்பது வேறு கலை என்ற அவர்கள் வாதத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

உங்கள் வாக்கைப் போடும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, பிடித்த பாட்டை எடுத்து, பாடகரை விட்டுவிட்டுப் பேஸை மட்டும் வாய்க்குள் பாடுங்கள். முதல் தடவை ஓரிரு வரிகளிலேயே வழி தவறி மெட்டுக்குள் போய்விடுவீர்கள். தவறிய இடத்துக்குத் திரும்பிப் போய்க் கேட்டால், பெரும்பாலும் பேஸ் கலைஞர் அங்கேதான் ஆதாரத்தை விட்டு வேறொரு சுரத்தில் காலை ஊன்றியிருப்பார்.